பறித்து எத்தனை நாள் ஆச்சு?

வாசகி ஒருவரின் கடிதம்:

"ஞாயிறுதோறும் விவசாயிகள் சந்தைக்குப் போய், வாரம் முழுவதற்கும் காய், கீரை, பழம் எல்லாம் வாங்கி வருகிறேன். வாங்கும்போது பளபளவென்று இருக்கிறது. வியாழக்கிழமை ஆனால் கீரை மஞ்சளாகி, பீன்ஸ் வதங்கி, பாதி குப்பைக்குத்தான் போகிறது. 'இதற்கு சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கியிருக்கலாமே' என்கிறார் கணவர். சந்தைக் காயில் உண்மையாகவே சத்து அதிகமா? எது சீசன் காய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'இயற்கை விவசாயம்' என்று அட்டை எழுதி வைத்திருப்பவர்களை நம்பலாமா? இன்னொரு விஷயம். ரத்தம் உறையாமல் இருக்க என் மாமியார் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். சந்தைக்குப் போக ஆரம்பித்த பிறகு வீட்டில் கீரை அதிகமாகிவிட்டது. அவருக்கு அது சரிதானா?"

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் போகிற போக்கில் கடைசியாகக் கேட்டிருப்பதுதான் அவசரமான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் உறைவதற்குத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினின் வேலையைத் தடுப்பதன் மூலம்தான் வார்ஃபரின் செயல்படுகிறது. கரும்பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே ஏராளம். பசலைக்கீரை, கேல், பார்ஸ்லி போன்றவை முன்வரிசையில் நிற்பவை. ப்ரோக்கோலியிலும் கணிசமாக உண்டு. எப்போதாவது கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தினமும் சாப்பிட்டால் மாத்திரையின் பலன் குறைந்து, ரத்தம் உறையும் ஆபத்து கூடும். சரி, கீரையே வேண்டாம் என்று ஒரேயடியாக நிறுத்தினால் மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு ஏற்படலாம். இரண்டும் வேண்டாம். வீட்டில் கீரை அதிகமாகியிருக்கிறது என்பதை இந்த வாரமே அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மாத்திரை அளவை மாற்றுவார். அதன் பிறகு வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு அளவை வைத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

சீசன் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கீரை கொழிக்கும் மாதங்களில் வீட்டில் எல்லாமே பச்சையாகிவிடும், சீசன் முடிந்ததும் தட்டில் ஒன்றும் இருக்காது. மற்றவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டே இல்லை; உங்கள் மாமியாருக்குப் பொருட்டுதான். அவர் தட்டில் கேரட், தக்காளி, பூசணி போன்ற வைட்டமின் கே குறைவான காய்கள் எவ்வளவு மாறினாலும் பாதகமில்லை. கீரையின் அளவு மட்டும் ஒரே சீராக இருக்கட்டும். மாத்திரைச் சீட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்குக் கீரையோடு இந்தத் தகராறு கிடையாது. பெயரைக் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இனி சந்தைக்கு வருவோம்.

சந்தைக் காயில் சத்து அதிகமா என்ற கேள்விக்கு, அதைப் பறித்து எத்தனை நாள் ஆயிற்று, நீங்கள் எத்தனை நாளில் சாப்பிடுகிறீர்கள் என்ற இரண்டு கணக்கும் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. சுவாசிக்கிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது, நீரை இழக்கிறது. இந்தச் செலவில் முதலில் அடிபடுவது வைட்டமின் சி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஒரு தொகுப்பில், 4 டிகிரி குளிரில் 7 நாள் வைத்திருந்த காய்களின் வைட்டமின் சி இழப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பச்சைப் பட்டாணியில் அது 15 சதவீதம். பீன்ஸில் 77 சதவீதம். அதாவது ஃபிரிட்ஜில் ஒழுங்காக வைத்திருந்தும் அவ்வளவு போய்விடுகிறது. பசலைக்கீரையும் கிட்டத்தட்ட பீன்ஸ் கட்சிதான்.

உங்கள் கடிதத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சனிக்கிழமை மாலை பறித்த பீன்ஸை ஞாயிற்றுக்கிழமை வாங்கி, வியாழக்கிழமை சமைக்கிறீர்கள். தொலைவிலிருந்து லாரியில் வந்து, குளிர்கிடங்கில் இருந்து, கடை அலமாரியில் அமர்ந்த பீன்ஸைவிட சந்தை பீன்ஸுக்கு இருந்த அனுகூலமே அந்தச் சில நாள்கள்தான். அதை உங்கள் ஃபிரிட்ஜ் சாப்பிட்டுவிட்டது. உங்கள் கணவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் எல்லாச் சத்தும் இப்படி ஓடிப்போவதில்லை. நார்ச்சத்து, பொட்டாசியம், மக்னீசியம் போன்றவை காய் லேசாக வதங்கினாலும் அங்கேயேதான் இருக்கும். கேரட்டின் பீட்டா கரோட்டின் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஆகவே கொஞ்சம் துவண்ட கேரட்டையும் முட்டைக்கோஸையும் 'சத்து போச்சு' என்று தூக்கி எறியாதீர்கள். குழம்பிலோ சூப்பிலோ போடுங்கள். கீரை வழுவழுப்பாகி வாடை வந்தால்தான் குப்பைக்கு.

சந்தையால் கிடைக்கும் பெரிய லாபம் வேறு என்பது என் அபிப்பிராயம். தூரப் பயணத்துக்கான தக்காளியைப் பெரும்பாலும் பழுக்கும் முன்பே பறிக்கிறார்கள். அடிபடாமல் போய்ச்சேரும் ரகமாகப் பார்த்துப் பயிரிடுகிறார்கள். பக்கத்து வயல்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செடியிலேயே பழுக்க விடலாம், தோல் மெல்லிய ரகத்தையும் போடலாம். அந்த ருசி காரணமாக வீட்டில் எல்லோரும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் என்கிறது, அதுவும் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளைச் சேர்க்காமல். பல வீடுகளில் அதில் பாதிகூடத் தேறுவதில்லை. வைட்டமின் சி எத்தனை மில்லிகிராம் குறைந்தது என்று ஆராய்வதைவிட, தட்டில் காய் கூடியதா என்று பார்ப்பது பயனுள்ள கணக்கு.

சரி, எப்படி வாங்குவது? வாரத்துக்கு என்று ஒரே கண்ணோட்டத்தில் வாங்குவதை விடுங்கள். கையில் எடுக்கிற ஒவ்வொன்றையும் 'இதை எந்தக் கிழமை சமைப்பேன்?' என்று கேட்டு வாங்குங்கள். கிழமை சொல்ல முடியாத காய் பைக்குள் போகக் கூடாது. கீரை, பீன்ஸ், பச்சைப் பட்டாணி, ஸ்வீட் கார்ன், காளான், ஸ்ட்ராபெர்ரி மாதிரி மென்மையான பழங்கள் ஆகியவை ஞாயிறு முதல் செவ்வாய்க்குள் முடிய வேண்டியவை. பட்டாணியும் ஸ்வீட் கார்னும் பறித்த கையோடு சமைத்தால்தான் இனிப்பு, அவற்றின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டே இருக்கும். தக்காளி, வெள்ளரி, கத்தரிக்காய், குடைமிளகாய், காலிஃபிளவர் வாரத்தின் நடுவுக்கு. வியாழனுக்கு அப்புறம் முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி ஆட்சி. உங்கள் பையில் முதல் வகை முக்கால்வாசியும் மூன்றாம் வகை கொஞ்சமுமாக இருக்கிறது என்று ஊகிக்கிறேன். அதைத் தலைகீழாக்குங்கள்.

சந்தைக்குள் நுழைந்ததும் வாங்கத் தொடங்காமல் ஒரு சுற்று சும்மா நடந்துவிட்டு வருவது நல்ல பழக்கம். எது எங்கே குவிந்திருக்கிறது, எது யாரிடம் நன்றாக இருக்கிறது என்று பிடிபடும், விலையும் புரியும். சீசன் கண்டுபிடிக்கவும் இதுதான் வழி. ஒரே காய் பல கடைகளில் மலையாகக் குவிந்து, விலை இறங்கி, கூவிக் கூவி விற்கப்படுகிறதா? அதுதான் சீசன். ஒரே ஒருவரிடம் மட்டும் கொஞ்சமாக, விலை உயர்த்தி இருந்தால், சீசனின் தொடக்கமாகவோ முடிவாகவோ இருக்கும், அல்லது பசுமைக்குடிலில் விளைந்ததாக இருக்கும், இல்லை வேறெங்கிருந்தோ வந்திருக்கும். 'அடுத்த வாரம் எது வரும், எது முடியப்போகிறது?' என்று விற்பவரிடமே கேட்டுவிடுங்கள். எந்த அட்டவணையையும்விட அவர் சொல்வது சரியாக இருக்கும், ஏனென்றால் அட்டவணைக்கு இந்த வருடம் மழை தாமதமானது தெரியாது.

'அந்தந்த சீசனில் உடம்புக்கு என்ன தேவையோ அதைத்தான் இயற்கை விளைவிக்கிறது' என்று சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது. நம்பும்படியான சான்று எதுவும் நான் பார்த்ததில்லை. சீசன் காயின் நன்மைகள் சாதாரணமானவை: மலிவு, ருசி, புதுசு. வருடம் முழுவதும் ஒரே நாலு காயைச் சுற்றிச் சுற்றி வராமல் தட்டு தானாக மாறிக்கொண்டிருக்கும் என்பதும் உண்டு. இவையே போதும்.

தலைப்பில் இருக்கும் கேள்விதான் சந்தையில் உங்களுக்கான சிறந்த ஆயுதம். விவசாயிகள் சந்தையில் இருப்பவர் எல்லோரும் விவசாயிகள் அல்லர். மொத்த மார்க்கெட்டில் எடுத்து வந்து விற்பவர்களும் கலந்திருப்பார்கள். 'பறித்து எத்தனை நாள் ஆச்சு?' என்று கேட்டால், விளைவித்தவர் உடனே சொல்லிவிடுவார்: நேற்று மாலை, இன்று விடியற்காலை, அல்லது 'இது ரெண்டு நாள் ஆச்சும்மா, அந்தப் பக்கம் இருப்பதை எடுங்க.' கூடவே எந்த ரகம், பூச்சி எவ்வளவு படுத்தியது என்ற கதையும் வரும். மழுப்பலான பதில், எல்லாம் ஒரே அளவில் ஒரே நிறத்தில் அடுக்கிய காய், பழத்தில் ஸ்டிக்கர், சீசன் எதுவானாலும் மாறாத சரக்கு என்றால் அவர் வியாபாரி. அவரிடம் வாங்குவது பாவமில்லை. ஆனால் புதுசு என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கண்ணும் கையும் சொல்வதும் உண்டு. பீன்ஸை மடக்கினால் 'சடக்' என்று ஒடிய வேண்டும் (எல்லாவற்றையும் ஒடித்துப் பார்த்து விவசாயியின் வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொள்ளாதீர்கள்). கத்தரிக்காயின் காம்புத் தொப்பி பச்சையாக இருக்கட்டும். முட்டைக்கோஸும் ஆரஞ்சும் பார்வைக்குத் தெரிவதைவிடக் கையில் கனக்க வேண்டும். பச்சை படர்ந்த உருளைக்கிழங்கை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தப் பச்சை, சோலனின் என்ற நச்சு கூடியிருப்பதற்கான அறிகுறி. பழங்களில் ஒரு வேறுபாடு நினைவிருக்கட்டும்: வாழை, மாம்பழம், பேரிக்காய், அவகாடோ எல்லாம் காயாக வாங்கினாலும் வீட்டில் பழுக்கும். திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவை பறித்த பிறகு இனிப்பு ஏறாது. அவற்றை ருசி பார்த்து வாங்குங்கள்.

'இயற்கை விவசாயம்' அட்டை பற்றி. அட்டையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. அதே சமயம், சான்றிதழுக்கு ஆகும் செலவும் காகித வேலையும் தாங்காமல், ரசாயனமே தொடாமல் பயிரிடும் சிறு விவசாயிகளும் இருக்கிறார்கள். 'பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள்? மண்ணுக்கு என்ன போடுகிறீர்கள்?' என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். சத்தைப் பொறுத்தவரை ரொம்பவும் எதிர்பார்க்காதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இயற்கை விளைபொருளில் வைட்டமின்கள் கூடுதலாக இருப்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. பூச்சிமருந்து எச்சம் குறைவாக இருப்பது மட்டும் தெரிந்தது. அது வேண்டும், பணம் இடம் கொடுக்கிறது என்றால் வாங்குங்கள். பணம் கையைக் கடித்து அதனால் காயின் அளவைக் குறைக்க வேண்டி வருமானால், சாதாரணக் காயையே நிறைய வாங்குங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எந்த முறையில் விளைந்தாலும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். இயற்கை முறை என்றால் கழுவ வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மண்ணும் எருவும் அங்கேயும்தான் இருக்கின்றன. சோப்பு வேண்டாம், காயின் நுண்துளைகளில் தங்கிவிடும். கழுவுவதும் சமைக்கும் முன்புதான். வாங்கி வந்ததும் கழுவி ஈரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்தால் அழுகலுக்கு நீங்களே அழைப்பு வைத்த மாதிரி. சந்தையில் பச்சைப் பால், அதிலிருந்து செய்த பாலாடைக்கட்டி எல்லாம் 'கலப்படமில்லாதது' என்று வைத்திருப்பார்கள். காய்ச்சாமலும் பாஸ்ச்சுரைஸ் செய்யாமலும் யாருக்கும் கொடுக்காதீர்கள், குறிப்பாக மாமியாருக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். வெட்டி வைத்த பழம் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததென்றால் தொட வேண்டாம். நல்ல வெயில் நாளில் 1 மணி நேரம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியதில்தான் உங்கள் வியாழக்கிழமைப் பிரச்சினையின் மீதி இருக்கிறது. கேரட், பீட்ரூட், முள்ளங்கியின் தலையில் இருக்கும் இலையை அன்றே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் இலை கிழங்கின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெட்டிய பீட்ரூட் இலையும் முள்ளங்கி இலையும் நல்ல கீரைதான். இலவசமாக வந்தது என்று அன்றே சமைத்துவிடுங்கள், மாமியார் கணக்கில் சேர்த்துக்கொண்டு. கீரையில் அழுகின இலைகளைப் பொறுக்கிவிட்டு, உலர்ந்த துணியில் சுற்றி, ஒரு டப்பாவிலோ பையிலோ போட்டு ஃபிரிட்ஜின் அடித் தட்டில் வையுங்கள். ஆப்பிளையும் பழுத்த வாழையையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். அவை வெளிவிடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்க வைக்கும். உங்கள் கீரை மஞ்சளானதற்கு இதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஃபிரிட்ஜில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் திணிக்கிறீர்களா என்று பாருங்கள்.

தக்காளியை வெளியிலேயே வையுங்கள், கடுங்குளிரில் அதன் மணம் போய்விடும். நன்றாகப் பழுத்துவிட்டது, இன்று சமைக்கப் போவதில்லை என்றால் மட்டும் உள்ளே. வெள்ளரிக்கும் கத்தரிக்கும்கூட அதிகக் குளிர் ஆகாது. ஃபிரிட்ஜில் குளிர் குறைவான இடம் பார்த்து வையுங்கள். உருளைக்கிழங்கு இருட்டில், வெங்காயத்திடமிருந்து தள்ளி.

சமையலைப் பற்றி இரண்டே வார்த்தை. வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் தண்ணீரில் கரைபவை. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் பாதி சிங்க்கில் போய்விடும். ஆவியில் வேகவைக்கலாம், கொஞ்சத் தண்ணீரில் மூடி வைத்தும் சமைக்கலாம். தக்காளியின் லைகோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் நேர் எதிர்: கொஞ்சம் எண்ணெயில் சமைத்தால்தான் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். பச்சையாகச் சாப்பிடுவதே உயர்ந்தது என்ற பிடிவாதம் வேண்டாம்.

கடைசியாக உங்கள் கணவர். பட்டாணியைப் பறித்த சில மணி நேரத்துக்குள் வெந்நீரில் முக்கி எடுத்து உறைய வைத்துவிடுகிறார்கள். அதனால் ஃபிரீசரில் இருக்கும் பட்டாணி, ஐந்து நாள் ஆன 'புதிய' பட்டாணிக்குச் சத்தில் குறைந்ததில்லை, பல நேரம் மேலாகவே இருக்கும். வாரக் கடைசிக்கு உறைந்த பட்டாணி, உறைந்த பீன்ஸ் என்று ஒன்றிரண்டு பாக்கெட் வீட்டில் இருக்கட்டும். அப்போது ஞாயிற்றுக்கிழமை பையை அடைத்துக்கொண்டு வர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்காது. அந்தப் பாக்கெட்டுகளை வாங்கி வரும் பொறுப்பு அவருடையது. சூப்பர் மார்க்கெட் யோசனை அவருடையதுதானே.

அன்புடன்,
உங்கள் உணவியல் ஆலோசகர்